மறு: மறு: த்ராட்டிலிங்குக்குத் தமிழ்? (இன்றிரவு கெடு)

அனைவருக்கும் வணக்கம்.
வீட்டு சர்வரின் வெப்பத்தையும் ஃபேன் வேகத்தையும் காட்டும் ஒரு மென்பொருள். தமிழாக்கம் இன்றிரவு போயாக வேண்டும், த்ராட்டிலிங்கில் மாட்டிக்கொண்டேன்: சூடு ஏறினால் சிபியு (கணினியில் கணக்குப் போடும் சில்லு) வேகம் குறைக்கப்படுவதற்கான சொல் அது. என் சர்வரான ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினி பரண்மேல் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. மே மாத மதியத்தில் 80 டிகிரியைத் தொட்டதும் சிபியு வேகம் தானாக இறங்குகிறது, ஃபேனோ கத்துகிறது. 'வேகக் குறைப்பு' என்று போட்டேன். வீட்டில் திரையைப் பார்த்துவிட்டு, "ஃபேன் ரிப்பேரா?" என்கிறார்கள்.

---

தம்பி, ஆங்கிலச் சொல்லின் வேர் தொண்டை. நமக்கு மிடறு இருக்கிறதே! புறநானூற்றுக் கடவுள் வாழ்த்திலேயே 'கறைமிடறு' வருகிறது. சிவன் நஞ்சை வயிற்றுக்குள் விடாமல் மிடற்றில் நிறுத்திய கதைதான் இதுவும். 'மிடற்றடக்கம்' என்க.

---

ஐயா, திரையில் 'மிடற்றடக்கம்' என்று சிவப்பில் எரிந்தால் ஜனங்கள் தொண்டை டாக்டரிடம்தான் ஓடுவார்கள். 'மட்டுப்படுத்தல்' போதாதா?

---

மட்டு என்றால் சங்கத் தமிழில் கள்ளும் உண்டு, அதை விடுவோம். முருகன் சினம் தணிந்த இடம் தணிகை. சூடேறியது தணிவதும் தணிகையே.

---

> தணிகை

ஒரு 'க்' கூடினால் 'சிபியு தணிக்கை செய்யப்பட்டது'. ஆடிட்டர் வந்தாரா, சென்சார் போர்டா? தவிர, தணிதல் தன்வினை. ராஸ்பெரி பையில் ஃபர்ம்வேர்தான் (கருவிக்குள்ளேயே பதிந்த மென்பொருள்) அதிர்வெண்ணைப் பிடித்து இறக்குகிறது, ஆகவே பிறவினை: தணிப்பு. வெறும் தணிப்பு என்றால் வெப்பம் தணிந்ததாகப் படும், 'வேகத் தணிப்பு' என்று சேர்த்தே எழுதுங்கள்.

இடையில் ஒன்று. என் ராஸ்பெரி பையில் ஃபேன் 55 டிகிரியில் ஓட ஆரம்பித்தால் 45க்கு இறங்கினால்தான் நிற்கும். இந்த ஹிஸ்டெரிசிஸுக்கு என்ன போட்டீர்கள்?

---

'தயக்கம்'. காந்தத் தயக்கம் பள்ளி இயற்பியலிலேயே படித்ததுதானே.

---

அட, அதற்கு ஒருவரும் சண்டைக்கு வரவில்லையே!

---

மணி 11:40. வேகத் தணிப்புக்கு நால்வர், மட்டுப்படுத்தலுக்கு இருவர். தனியே போட்டால் வீட்டில் இன்னும் ஃபேனைத்தான் பார்க்கிறார்கள். 'செயலி' என்று முன்னால் சேர்த்தால் ஆப் என்கிறார்கள். 'சிபியு வேகத் தணிப்பு' என்று அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

---

சிபியு எந்த நிகண்டில் இருக்கிறது தம்பி? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும், எனக்கு மிடறுதான்.
அது கிடக்கட்டும், அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாயா இல்லையா?