மண் இல்லாத கலவைக்கு ஒரு பெயர்

ஆயர் ஈத்தாம், திங்கள் இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டிய ஒரு சின்னக் கையேடு ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆர்க்கிட் மூலை ஒன்று அமைத்திருக்கிறோம். அதைப் பார்த்துக்கொள்ளப்போகும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சிலிப்பர் ஆர்க்கிட் (செருப்பின் முனைபோல் பை வடிவ இதழுள்ள பூ) வளர்ப்பு பற்றி 16 பக்கம் எழுதியிருக்கிறேன்.

சாடிக்குள் போடுகிறோமே, மரப்பட்டை, கரித்துண்டு, பெர்லைட் என்ற பொரிந்த எரிமலைக்கல் துகள் எல்லாம் சேர்ந்தது, அதற்குத் தமிழில் என்ன சொல்வது? நர்சரியில் எல்லாரும் ‘மீடியா’ என்கிறார்கள். முதல் வரைவில் ‘மண் கலவை’ என்று எழுதினேன். வரைவை வாங்கிப்போன ஒரு மாணவனின் அம்மா, வீட்டு முற்றத்து மண்ணில் கொஞ்சம் ஆட்டெரு கலந்து நான்கு செடிகளை நட்டுவிட்டார். மூன்று வாரத்தில் மூன்று செடிகளின் வேர் கறுத்துக் கூழாகிவிட்டது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் மண் என்று எழுதினேன், அவர் மண்ணைப் போட்டார்.

அடுத்த வரைவில் ‘வளர்ப்பு ஊடகம்’ என்று மாற்றினேன். வகுப்பில் வாசித்துக் காட்டியபோது ஒரு பிள்ளை, “பத்திரிகையா டீச்சர்?” என்று கேட்டாள். அந்தப் பிள்ளைக்கு ஊடகம் என்றால் செய்தியும் தொலைக்காட்சியும்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நான் பார்த்து எழுதும் ஆங்கிலக் குறிப்பு ‘ஹார்டி’ சிலிப்பர் ஆர்க்கிட் பற்றியது. வெயில் கடுமையான ஊர்களில் அதற்கு என்ன கலவை போடலாம் என்று விளக்குகிறது. ஹார்டி என்றால் வலிமையானது என்று எழுதிவிடலாமா?

அன்புடன்,
ஆயர் ஈத்தாம் ஆசிரியை


பட்டர்வொர்த், செவ்வாய் காலை

டீச்சர், முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பணம் போகிறது. அந்தக் குறிப்பு சொல்லும் செடி சைப்ரிபீடியம். அங்கே ஹார்டி என்றால் பனியைத் தாங்குவது என்று பொருள். குளிர்காலத்தில் இலையெல்லாம் காய்ந்து, தரைக்குள் கிழங்குபோல் கிடந்து, ஏறக்குறைய மூன்று மாதம் கடுங்குளிரில் உறங்கினால்தான் வசந்தத்தில் முளைக்கும். அதனால் ‘குளிர்தாங்கும்’ என்று எழுதுங்கள். ‘வலிமையான’ என்று எழுதினால், இணையத்தில் வாங்கி இங்கே நட்டுவிடுவார்கள். கேமரன் மலையின் இரவுக்குளிர்கூட அதற்குப் போதாது.

ஆனால் அந்தக் குறிப்பில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கோடை கடுமையான ஊர்களில் சைப்ரிபீடியம் வைப்பவர்கள் கலவையில் மக்கும் பொருளை மிகவும் குறைத்துவிடுவார்கள். பெர்லைட், எரிமலைக்கல், பருமணல், இவைதான் பெரும்பங்கு. சூடும் ஈரமும் சேர்ந்தால் மக்குகிற பொருள் சீக்கிரம் களியாகும், வேர் மூச்சுத் திணறும், குருத்து அழுகும். நமக்கு வருஷம் முழுக்க அந்தக் கோடைதான். பகலில் 32 டிகிரி, இரவில் 24.

நமக்குரிய சிலிப்பர் ஆர்க்கிட் பாஃபியோபெடிலம். நம் பினாங்குக் கொடிமலையிலும் கெடாவின் குனுங் ஜெராயிலும் வளர்கிற பார்பாட்டம் என்ற இனம் இருக்கிறதே, அது பாறைமேல் படிந்த இலைச்சருகில் வேர்விட்டு நிற்பது. அதற்கு நான் போடுவது மரப்பட்டை 4 பங்கு, அடுப்புக்கரி 2, பெர்லைட் 1, நறுக்கிய பாசி ஒரு கைப்பிடி. பட்டையும் கரியும் சுண்டுவிரல் நகம் அளவு. தேங்காய் மட்டைத் துண்டு போடுவதாக இருந்தால் நாலைந்து முறை ஊறவைத்துத் தண்ணீரை மாற்ற வேண்டும், உப்பு போக. லங்காவி சுண்ணாம்புப் பாறை இடுக்கில் வளரும் நீவியம் என்ற வெள்ளைப் பூ இனத்துக்குப் பட்டையைப் பாதியாக்கி, சுண்ணாம்புக்கல் சல்லியும் சிப்பித்தூளும் சேர்ப்பேன். மற்ற பல ஆர்க்கிட்போல் பாஃபியோபெடிலத்துக்குத் தண்ணீர் சேமிக்கும் தண்டுக்கிழங்கு கிடையாது. முழுசாகக் காயவும் கூடாது, ஊறியும் நிற்கக் கூடாது. பட்டை இங்கே ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது, சாடி மாற்றியே ஆக வேண்டும்.

பெயரா? ‘கலவை’ போதும். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்கிறோம்.


செந்தூல், செவ்வாய் மாலை

வணக்கம். ஊடகத்தை இவ்வளவு எளிதில் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊடு என்றால் நடுவே, குறுக்கே. ஒளி ஊடே செல்வதால் கண்ணாடி ஊடகம். வேர் ஊடே செல்வதால் பட்டையும் கரியும் ஊடகம். செய்தித்துறைதான் பிறகு வந்து அந்தச் சொல்லைத் தனதாக்கிக்கொண்டது. நெசவில் ‘ஊடும் பாவும்’ என்கிறோம். பாவு அசையாமல் நிற்க, ஊடு அதற்குள் புகுந்து போகும். சாடிக்குள் பட்டை பாவு, வேர் ஊடு. ஊடுபயிர், ஊடுருவல், ஊடாட்டம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். காதலர் ஊடலும் இதிலிருந்து வந்ததே என்பது என் நெடுநாள் கருத்து. இருவருக்கு இடையே ஒன்று புகுவதுதானே ஊடல்?

ஆனால் பிள்ளைகள் குழம்புகிறார்கள் என்று ஆசிரியை சொல்லும்போது அதை மதிக்க வேண்டும். அப்படியானால் ‘வேர்ப்படுகை’. ஆற்றுப்படுகை எல்லாருக்கும் தெரியும். வேர் படுத்திருக்கும் இடம் வேர்ப்படுகை. வடமொழியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

சிலிப்பர் ஆர்க்கிட் என்பதையும் இதோடு திருத்திவிடலாம். சங்க இலக்கியத்தில் ‘தொடுதோல்’ என்ற அருமையான சொல் காலணிக்கு இருக்கிறது. தொடுதோல் மலர் என்று எழுதினால் எவ்வளவு அழகு!


பிரிக்ஃபீல்ட்ஸ், புதன் காலை

ஐயாவுக்கு வணக்கம். படுகை என்றதும் எனக்கு வண்டல் மண்தான் நினைவுக்கு வருகிறது. ஆற்றுப்படுகையில் இருப்பதும் மண். அந்த அம்மா மறுபடியும் மண்ணைத்தான் தேடிப்போவார். டீச்சர் தப்பிக்க நினைக்கும் இடத்துக்கே சொல் இழுத்துக்கொண்டு போகிறது.

நான் இரண்டு யோசித்தேன். ஒன்று ‘வேர்க்கலவை’. அதை நானே தள்ளிவிட்டேன். கோழித்தீவனம் என்றால் கோழிக்கான தீவனம், கோழிக்குழம்பு என்றால் கோழியால் ஆன குழம்பு. வேர்க்கலவையில் எந்த வேற்றுமை தொக்கி நிற்கிறது என்பது படிப்பவர் பாடு. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் வெட்டிவேரும் நன்னாரி வேரும் கட்டிக்கொடுப்பார்கள்.

மற்றொன்று ‘நடுகலவை’. நட்ட, நடுகிற, நடும் கலவை, முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. வல்லினம் மிகாது. சுருக்கமாகவும் இருக்கிறது.

தொடுதோல் பற்றி. அழகுதான் ஐயா, ஆனால் செருப்பும் பழஞ்சொல்தானே, புறநானூற்றிலேயே இருக்கிறது. மேல்நாட்டார் வைத்த பெயரும் அதைவிட உயர்வாக ஒன்றும் இல்லை. பாஃபியோபெடிலம் என்பது பாஃபோஸ் என்ற ஊரின் பெயரும் கிரேக்கத்தில் செருப்பைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது. நம் பிள்ளைகள் காலில் போடுவதைச் சிலிப்பர் என்கிறார்கள், மலாய்க்காரர் இந்தப் பூவை ‘ஓர்க்கிட் செலிப்பார்’ என்கிறார்கள். சிலிப்பர் ஆர்க்கிட் என்றே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென்னிந்தியாவுக்கே உரிய ஒரே சிலிப்பர் ஆர்க்கிட் எங்கே பூக்கிறது தெரியுமா? அகத்தியமலையில். ட்ரூரி என்ற இனம், மஞ்சள் பூ, நடுவே கரும்பழுப்புக் கோடு. பெடோம் என்ற தாவரவியலாளர் 1874இல் அதை விவரித்தார். இன்று காட்டில் அற்றுப்போகும் நிலையில் இருக்கிறது. தமிழுக்கு இலக்கணம் செய்தவர் என்று நாம் சொல்லும் முனிவரின் மலையில் அந்தப் பூ நிற்கும்போது, அதை வளர்ப்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் இல்லாமல் தவிக்கிறோம். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.


செந்தூல், புதன் பிற்பகல்

தம்பி, ட்ரூரி செய்திக்கு நன்றி. இதுவரை அறியாதது. இரண்டு முறை வாசித்தேன்.

ஆனால் நடுகலவையைச் சேர்த்து எழுதிப் பாருங்கள். நடுகல் + அவை என்று பிரிக்கத் தோன்றும். போரில் இறந்தவனுக்கு நட்ட கல், அதற்கு ஓர் அவை. இலக்கியம் படித்தவன் கண் முதலில் அங்கேதான் போகும். செடி பிழைக்கச் சொல்லும் கையேட்டில் நடுகல் வேண்டாம். பிரித்து எழுதினால் ‘நடு’ என்பது மத்தி ஆகிவிடும். சாடியின் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இந்தக் கலவை என்று படிப்பார்கள்.


பட்டர்வொர்த், புதன் இரவு

ஒரு சின்னத் திருத்தம். ‘மண் இல்லாத கலவை’ என்று எல்லாரும் சொல்கிறீர்கள். இங்கே பல பேர் சுட்ட மண் போடுவார்கள், மலாயில் தானா பக்கார். களிமண்ணைச் சுட்டு உருட்டிய உருண்டையும் உண்டு. அதுவும் மண்தான், ஆனால் சூட்டில் இறுகிவிட்டதால் தண்ணீரில் கரைந்து களியாகாது. ஆகவே மண் இருக்கிறதா இல்லையா என்பதல்ல கேள்வி, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் காற்று நிற்கிறதா என்பதுதான். ஒரு பிடி அள்ளி நனைத்து அழுத்துங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டைபோல் நின்றால் ஆகாது. சொல் எதுவானாலும் இதை எழுதிவிடுங்கள் டீச்சர்.


ஆயர் ஈத்தாம், வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. கொழுக்கட்டைச் சோதனையை இன்று வகுப்பில் செய்து பார்த்தோம். ஒரு பக்கம் முற்றத்து மண், ஒரு பக்கம் பட்டையும் கரியும். பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிட்டது. கையேட்டில் அதை முதல் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

சொல்லைப் பொறுத்தவரை, தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து ஏழு பேர் ‘நடவுக் கலவை’ போதும் என்கிறார்கள். நடுகலவையின் தொல்லை இதில் இல்லை. நடவுக்கான கலவை என்று சின்னப் பிள்ளையும் பிரித்துக்கொள்ளும். மூன்று பேர் மீடியா என்றே எழுதச் சொன்னார்கள், கடையில் கேட்க அதுதான் உதவும் என்று. அதில் நியாயம் இருப்பதால் ‘கடைக்காரர் இதை மீடியா என்பார்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஓர் அக்கா ‘வேர்ப்பிடி’ என்று எழுதியிருந்தார். ‘வேர் பிடிச்சாச்சா?’ என்று தோட்டத்தில் கேட்டு வளர்ந்த எனக்கு அது மிகவும் பிடித்தது. ஆனால் கைப்பிடிபோல் ஒரு பொருளை நினைக்க வைக்கிறது, விளக்க இடமும் இல்லை.

மண் என்ற சொல் கையேட்டில் இரண்டே இடத்தில் வருகிறது. ‘முற்றத்து மண் வேண்டாம்’ என்பது ஒன்று, ‘சுட்ட மண் போடலாம்’ என்பது மற்றொன்று. காட்டிலிருந்து செடி பிடுங்கிவரக் கூடாது என்பதைக் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். பாஃபியோபெடிலம் முழுவதுமே சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது, பிள்ளைகள் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாளை காலை 9 மணிக்கு அச்சகம்.


செந்தூல், வியாழன் பின்னிரவு

ஆசிரியைக்கு, அச்சுக்குப் போகட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். நடவு என்பது ஒருநாள் வேலை. நட்டு முடித்த மறுநாளிலிருந்து அடுத்த சாடி மாற்றும் வரைக்கும் ஒரு வருஷம் அந்தச் செடி அதில்தான் வாழ்கிறது. நட்ட நாளை மட்டும் சொல்லும் சொல் அந்த ஒரு வருஷத்தைச் சொல்லவில்லை. பட்டர்வொர்த் தம்பி நினைவூட்டியபடி காற்றும் அதில் இருக்க வேண்டும், அதையும் சொல்லவில்லை. படுகை மண்ணை நினைவூட்டுகிறது என்றால் வேறொன்று தேடுவேன். நான் எழுதும்போது நடவுக் கலவை என்று எழுத மாட்டேன்.

நான்கு செடியில் மூன்று போயிற்று என்று எழுதியிருந்தீர்கள். நான்காவது எந்த இனம்? அதை இப்போது எதில் வைத்திருக்கிறார்கள்?