சேற்றில் வளை தோண்டும் இந்த ஒற்றைக் கொடுக்குப் பிராணி றாலா, நண்டா?

மண்கும்பான் பெடியன்:

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். போன சனிக்கிழமை விடிய, கடல் நன்றாக வற்றியிருந்த நேரம், மாமாவோடு அவருடைய கடலட்டைப் பண்ணைப் பக்கம் போயிருந்தேன். சாதாளை என்ற கடற்புல் இல்லாத வெறும் மணல் திட்டு முழுக்கச் சின்னச் சின்னக் கும்பிகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை. ஒன்றின் பக்கத்தில் அசையாமல் நின்று பார்த்தேன். துளையிலிருந்து புகை மாதிரிக் கலங்கல் தண்ணீர் கிளம்பி வந்து அடங்கியது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தது.

மண்வெட்டியால் வெட்டிப் பார்த்ததில் முதல் இரண்டு தரமும் ஒன்றுமில்லை. மூன்றாவது தரம் முழங்கை ஆழத்தில் ஒன்று அகப்பட்டது. விரல் நீளம், வெளிறிய வெள்ளை, உடம்பு கோது உரித்த றால் போல மெத்தென்று இருக்கிறது, ஆனால் ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் தட்டையாகப் பெரிதாக, நண்டுக் கொடுக்கு மாதிரிக் கடினமாக இருக்கிறது. மற்றக் கொடுக்கு அதில் பாதிகூட இல்லை. வயிற்றின் மேல்பக்கம் நீளவாட்டில் ஒரு செம்மஞ்சள் கோடு தோலுக்குள்ளால் தெரிந்தது.

இணையத்தில் தேடினால் 'கோஸ்ட் ஷ்ரிம்ப்' என்று வருகிறது, ஆனால் அதே பெயரில் மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் கண்ணாடி போன்ற சின்ன றாலும் வருகிறது. இரண்டும் ஒன்றா? பழைய நோட்ஸ் ஒன்றில் 'தலசினிடியா' என்று இருக்கிறது, புதிய பக்கங்களில் அந்தச் சொல்லே இல்லை. எதை எழுதுவது?

இன்னொன்று, இதுதான் அவசரம். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், இதுகள் நிலத்தைப் பொருமப் பண்ணுகிறது, பிளீச்சிங் பவுடர் போட்டால் எல்லாம் செத்துப்போகும் என்று மாமாவுக்குச் சொல்லியிருக்கிறார். மாமாவும் அரைமனதாக இருக்கிறார். போடலாமா?

வலைக்காரன்:

தம்பி, முதலில் மாமாவிடம் சொல்லு, பவுடர் ஒன்றும் போட வேண்டாம். மிச்சத்தை ரீச்சர் வந்து விளக்குவா. நான் முப்பது வருடமாகப் பரவைக்கடலில் தொழில் செய்கிறேன், இந்தக் கும்பிகளைச் சின்ன வயதிலிருந்தே மிதித்து நடந்திருக்கிறேன். கும்பி உள்ள இடத்தில் கால் கொஞ்சம் புதையும், அது உண்மை. ஆனால் தண்ணீர் ஏறும்போது கிளக்கன் மீன் மேய வருவதும் அந்தத் திட்டுக்குத்தான். தூண்டிலுக்கு இதைவிட நல்ல இரை எனக்குத் தெரியாது, மெத்தென்றிருப்பதால் கொழுக்கியில் நிற்காது என்பது ஒன்றுதான் குறை, வால் பக்கத்தால் கொழுக்கியை ஏற்றி நூலால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

விலங்கியல் ரீச்சர்:

தம்பி, நல்லாகக் கவனித்திருக்கிறீர், விவரணமே பாதி விடையைச் சொல்லிவிட்டது. பெயர்க் குழப்பத்தை முதலில் எடுத்து வைக்கிறேன்.

மீன்தொட்டிக்காரர் அந்தப் பெயரில் விற்பது நன்னீர் றால், உடம்பு கண்ணாடி போல இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. அமெரிக்காவில் அதிகம் விற்பது பாலீமன் பாலுடோசஸ் என்ற இனம், காரிடியா கூட்டம். அது நீந்தித் திரியும், வளை தோண்டாது. நீர் பிடித்தது அதற்குத் தூரத்துச் சொந்தம் மட்டும்தான். இரண்டும் டெகாப்பொடா வருணம், அதாவது பத்துக்காலிகள், ஆனால் நண்டும் சிங்கறாலும் வெறும் சங்குக்குள் குடியிருக்கும் முனிவன் நண்டும்கூட அதே வருணத்துக்குள்தான் இருக்கின்றன. உம்முடைய பிராணி உருவத்தில் றாலை நினைவூட்டினாலும் சொந்தத்தில் நண்டுக்கும் முனிவன் நண்டுக்கும்தான் கிட்ட.

நாங்கள் கறி வைக்கிற பீனேயஸ் றால் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். இது அப்படியில்லை, நண்டு மாதிரி வயிற்றுக் கால்களில் முட்டையை ஒட்டி வைத்துக்கொண்டே வளைக்குள் இருக்கும். பொரித்த குடம்பி மட்டும் மேலே வந்து கொஞ்சக் காலம் மிதந்து திரியும், பிறகு ஒரு திட்டில் இறங்கித் தன் வளையைத் தொடங்கும். நீர் பார்த்த செம்மஞ்சள் கோடு முட்டைப்பை, அப்படியென்றால் உமக்கு அகப்பட்டது பெண். ஆணுக்குப் பெரிய கொடுக்கு இன்னும் பெரிதாக இருக்கும். அது வலது பக்கமும் வரலாம், இடது பக்கமும் வரலாம்.

இனி தலசினிடியா. அது பழைய பெயர், பிழையென்று சொல்லமாட்டேன், ஆனால் காலம் முடிந்துவிட்டது. சேற்றில் வளை தோண்டும் மென்னுடல் பத்துக்காலிகள் எல்லாவற்றையும் ஒரே கூட்டமாக அதற்குள் போட்டு வைத்திருந்தார்கள். 1979இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் மிஷேல் த சென் லோறான் இது ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் இல்லை, இரண்டு தனிக் கூட்டம் என்று பிரித்து அக்சிடியா, கெபிடியா என்று பெயர் வைத்தார். அப்போது எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 2009இல் மரபணு ஒப்பீடு வந்த பிறகுதான் அவர் பிரித்தது சரி என்று நிலைத்தது. இரண்டு கூட்டமும் தனித்தனியாகச் சேற்றுக்குள் இறங்கி, ஒரே தொழிலைச் செய்து செய்து ஒரே சாயலுக்கு வந்திருக்கின்றன. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், ஒவ்வொரு வருடமும் வகுப்பில் கொஞ்சம் அதிக நேரம் இதில் நின்றுவிடுவேன்.

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கொடுக்குள்ள கால் எத்தனை சோடி என்று எண்ணும். அக்சிடியாவுக்கு முதல் இரண்டு சோடிக் காலிலும் கொடுக்கு இருக்கும், இரண்டாவது சோடியில் சின்னதாக இருக்கும், கவனித்துப் பார்க்க வேண்டும். கெபிடியாவுக்கு இரண்டாவது சோடியில் முழுக் கொடுக்கு இருக்காது. பீனேயஸ் றாலுக்கோ மூன்று சோடி, மூன்றும் சின்னது. ஒரு பக்கம் மட்டும் பெரிதான தட்டைக் கொடுக்கு, வெளிறிய மெல்லிய உடம்பு என்று நீர் சொல்வதைப் பார்த்தால் அக்சிடியாவுக்குள் காலியனாசிடே என்ற குடும்பத்தின் பக்கம்தான் போகிறது. ஆனால் 2019இல் அந்தக் குடும்பத்தையும் மறுபடி பிரித்தார்கள், முன்பு அதற்குள் இருந்த காலிகிரிடே இப்போது தனிக் குடும்பம். ஆகவே வால் விசிறியும் கண்தண்டும் கொடுக்கின் ஓரமும் தெளிவாகத் தெரிகிற படம் இல்லாமல், குடும்பத்துக்கு அடுத்த படியான சாதிப்பெயர் (genus) எழுத வேண்டாம். 'அக்சிடியா, காலியனாசிடே அல்லது அதற்கு நெருங்கிய குடும்பம்' என்று எழுதும், பரிசோதகர் மதிப்பார்.

அந்தக் குடும்பப் பெயருக்கு அடியான காலியனாசா என்ற சாதிப்பெயரை வைத்தவர் ஆங்கிலேய விலங்கியலாளர் லீச், 1814இல். கிரேக்கக் கதைகளில் வரும் கடல் தேவதை ஒருத்தியின் பெயர் அது.

மண்கும்பான் பெடியன்:

ரீச்சர், மிக்க நன்றி! ஸ்பிரிற்றில் போட்டு வைத்திருந்ததை எடுத்து லென்ஸால் பார்த்தேன். இரண்டாவது சோடியிலும் கொடுக்கு இருக்கிறது, அரிசி முனை அளவில். மாமா கேட்கிறார், அப்படியென்றால் இது என்ன சாப்பிடுகிறது, அட்டையின் தீனியைத் தின்கிறதா என்று.

பிறிஸ்பேன் வாசி:

வணக்கம், நான் ஊர்காவற்துறை, இப்போது பிறிஸ்பேனில் இருக்கிறேன். இங்கே மோர்ட்டன் குடாவில் இதன் சொந்தக்காரன் ஒன்று இருக்கிறது, ட்ரைப்பியா ஆஸ்திரேலியென்சிஸ், ஊர்ப்பெயர் யாபி. அதைப் பிடிக்கவென்றே கடைகளில் ஒரு கைப் பம்பு விற்கிறார்கள். குழாயைத் துளையின் மேல் வைத்துக் கைபிடியை இழுத்தால் சேறும் பிராணியும் சேர்ந்து மேலே வரும், மணலில் கொட்டிப் பொறுக்க வேண்டியதுதான். மண்வெட்டியை விட நல்லது, உடம்பு கிழியாது. வலைக்காரன் அண்ணா சொன்னதைப் படித்ததும் மனம் ஊருக்கே போய்விட்டது, ஏனென்றால் இங்கேயும் யாபியைப் போட்டுப் பிடிப்பது எங்கள் கிளக்கனின் சாதியைச் சேர்ந்த மீனைத்தான், சில்லாகோ. இரண்டு கடலிலும் அந்த மீனுக்கு ஒரே வாய்ருசி.

பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வில்லபா குடா என்று ஒரு இடம், சிப்பி வளர்ப்புக்குப் பேர் போனது. அங்கே இந்தப் பிராணிகள் சேற்றைக் கிளறிக் கிளறி இளகப் பண்ணிவிட, சிப்பிகள் அமிழ்ந்து சாகின்றன என்று 1963 முதல் கார்பரில் என்ற பூச்சிமருந்தை வற்று நேரத்தில் தெளித்தார்கள். சிப்பிக்காரரின் கஷ்டம் பொய்யில்லை, அது உண்மையான நட்டம். ஆனால் அந்த மருந்துக்கு எது றால், எது நண்டு என்று தெரியாது, அந்தத் திட்டுகளில் வளரும் நண்டுக் குஞ்சுகளும் சேர்ந்து செத்தன. 50 வருடத்துக்குக் கிட்டத் தெளித்தார்கள், ஒவ்வொரு தரமும் பிராணிகள் திரும்பி வந்தன. அப்புறம் கார்பரிலை விட்டு வேறொரு மருந்துக்கு அனுமதி கேட்டார்கள், 2018இல் மாநில அரசு மறுத்துவிட்டது. வயலுக்கு மருந்தடிக்கிற மாதிரிக் கடலுக்கு அடிக்க முடியாது தம்பி, அங்கே வரம்பு இல்லை.

பிளீச்சிங் பவுடர் அதைவிட மோசம். மேல் தண்ணீரில் கரைந்து முதலில் தொடுவது மாமாவின் அட்டையைத்தான், அட்டை மணலின் மேலேயும் மேல் மணலிலும்தானே கிடக்கிறது. வளைக்காரனோ கீழே இருக்கிறான். கலியோர்னியாப் பக்கத்து நியோட்ரைப்பியா இனத்தை ஒட்சிசன் சுத்தமாக இல்லாத தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது ஐந்து நாளுக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறது. மேலே நாற்றமடித்தால் தண்ணீரை இழுக்காமல் கீழேயே இருக்கும்.

விலங்கியல் ரீச்சர்:

பிறிஸ்பேன் வாசி சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். தீனி பற்றி மாமா கேட்டது நல்ல கேள்வி. ஆம், இரண்டும் சேற்றிலுள்ள அழுகல் துணுக்கையும் நுண்ணுயிரையும்தான் தின்கின்றன, ஆனால் ஒரே தட்டில் இல்லை. அட்டை மேல் மணலை அள்ளித் தின்னும், இது ஆழத்து மணலைச் சலித்துத் தின்னும். கெபிடியாப் பக்கத்து உபோகெபியா போன்றவை வளைக்குள் தண்ணீரை இழுத்து வடிகட்டித் தின்பவை, அவை சேற்றைக் கிளறுவது குறைவு.

தம்பி, நீர் வெட்டிய குழியின் சுவரைப் பார்த்தீரா? அடுத்த முறை பாரும். கீழே சேறு கறுப்பாக, அழுகின முட்டை மணத்தோடு இருக்கும், அங்கே ஒட்சிசன் இல்லை. ஆனால் வளையைச் சுற்றி மட்டும் ஒரு விரல் தடிப்பில் மண்ணிறமாக ஒரு வளையம் தெரியும். வயிற்றின் கீழ் மூன்று சோடி அகன்ற துடுப்புகளை அடித்து அது மேல் தண்ணீரைக் கீழே இழுக்கிறது, அந்தத் தண்ணீரோடு போன ஒட்சிசன் செய்த வேலைதான் அந்த நிறம். நீர் பார்த்த புகை, தோண்டிய மண்ணைத் தண்ணீரோடு வெளியே தள்ளியது. அந்தத் தண்ணீரோடு கீழே முடங்கிக் கிடந்த நைதரசன் சத்தும் மேலே வருகிறது, பாசிக்கு அது பசளை. எல்லாம் நன்மை என்றும் சொல்லமாட்டேன். கும்பி நெருக்கமாக உள்ள இடத்தில் இளம் சாதாளை மண்ணுக்குள் புதைந்து போகும், அட்டைக் குஞ்சு விடுவதற்கு அந்த இடம் தோதில்லை. மாமாவிடம் சொல்லும், குஞ்சு விடும் கூட்டைச் சாதாளை உள்ள பக்கமாக நகர்த்தினால் போதும்.

உமக்கு ஒரு வேலை. இரண்டு கண்ணாடித் தகட்டை மூன்று விரல் இடைவெளியில் நிறுத்தி, விளிம்பை சிலிக்கனால் ஒட்டி, அதே திட்டின் மண்ணையும் கடல்தண்ணீரையும் நிரப்பி ஒன்றே ஒன்றை விடும். இரண்டு விட்டால் சண்டை பிடிக்கும், ஒரு வளைக்கு ஒரு ஆள்தான். கறுப்புத் துணியால் மூடிவைத்து, இரவில் சிவப்பு வெளிச்சத்தில் பாரும்.

மண்கும்பான் பெடியன்:

ஒன்பது நாள் ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும், தொட்டி இரண்டு தரம் ஒழுகிவிட்டது. மாமா பவுடர் போடவில்லை. குஞ்சுக் கூட்டைக் கரைப்பக்கச் சாதாளைக்கு நகர்த்துகிறார், நேற்றுத் தடி நட்டாயிற்று.

தொட்டியில் விட்ட ஒன்று முதல் நாளே மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது வளை கண்ணாடியோடு ஒட்டிப் போகிறபடியால் உள்ளே தெரிகிறது. முன்பக்கக் கால்களால் மண்ணைக் கிளறி, வாய்க்கு முன்னால் உள்ள மயிர் நிறைந்த கால் இரண்டையும் கூடை மாதிரிச் சேர்த்துப் பிடித்து, அதற்குள் மண்ணை வைத்துக் கொண்டு நடக்கிறது. வளை ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் அகலம். அங்கே வந்ததும் தலையை வயிற்றுக்குக் கீழே மடித்துக் குத்துக்கரணம் அடித்துத் திரும்புகிறது, அந்தக் கூடையிலிருந்து ஒரு மணல்கூடச் சிந்தாமல். சுவரைத் தொட்ட இடமெல்லாம் மெழுகிய திண்ணை மாதிரி வழுவழுப்பாக இருக்கிறது. ரீச்சர் சொன்ன மண்ணிற வளையம் நேற்று இரவிலிருந்து தெரியத் தொடங்கியிருக்கிறது, இப்போதைக்கு ஒரு நூல் தடிப்புத்தான்.