மாமனாரின் சுருட்டு, கேல்வஸ்டன் கப்பல்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஹூஸ்டன்வாசி:

வணக்கம். அடுத்த மாதம் டெக்சாஸின் கேல்வஸ்டன் துறைமுகத்திலிருந்து ஏழு இரவு க்ரூஸ் (உல்லாசக் கப்பல் பயணம்) போகிறோம். ஹோண்டுராஸில் ரோவாட்டான், மெக்சிகோவில் கோஸ்டா மாயா, கோசுமெல். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். சிக்கல் மாமனாரிடம்தான். சரியாகச் சொன்னால் அவர் சட்டைப்பையில்.

மாமாவுக்கு உறையூர். வயது 74. காபி இல்லாமல் இருந்துவிடுவார், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சுருட்டு இல்லாமல் இருக்கமாட்டார். நாளைக்கு ஒன்றுதான். அதையும் ஒரே தடவையில் முடிப்பதில்லை. பாதி ஆனதும் நுனியைத் தரையில் தேய்த்து அணைத்து, மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மறுநாள் காலையில் அந்தப் பாதி. அது உள்ளே போனால்தான் மற்றது வெளியே போகும் என்பது அவர் கட்சி. இங்கே வீட்டுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டேன், தொல்லை இல்லை.

கப்பலில் பால்கனி அறை எடுத்ததே அவருக்காகத்தான். கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து பிடிக்கட்டுமே என்று காசைக் கூடக் கொடுத்து எடுத்தேன். நேற்று ஆபீசில் ஒருவர், பால்கனியில் புகை பிடித்தால் அபராதம் என்று குண்டைத் தூக்கிப் போட்டார். உண்மையா? சுருட்டையும் சிகார் கணக்கில்தான் சேர்ப்பார்களா? புகை பிடிக்கிற இடத்தில் உட்கார்ந்தாலும், நம் சுருட்டு வாடைக்கு மற்றவர்கள் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது? அவருக்கு முகம் சுண்டிப்போகும். எனக்கு அதுதான் கவலை.

இன்னொன்று, இது என் சொந்த விஷயம்: வருஷத்துக்கு ஓரிரண்டு சிகார் பிடிப்பவன் நான். கோசுமெலில் கியூபா சிகார் கிடைக்கும் என்கிறார்களே, வாங்கலாமா?

கடல்காக்கை:

பால்கனி கிடையவே கிடையாது. அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பெரிய கம்பெனிகளில் ராயல் கரீபியன் 2014 ஜனவரியிலும், கார்னிவல் அதே வருஷம் அக்டோபரிலும் பால்கனியை மூடிவிட்டன. மீறினால் ஒரு தடவைக்கு 250, 500 டாலர் என்று அறைக்கணக்கில் ஏறிவிடும். சுருட்டு, சிகார், பைப் மூன்றும் ஒரே ஜாதி. கேசினோவில் சிகரெட்டை விட்டாலும் இந்த மூன்றையும் விடமாட்டார்கள். திறந்த டெக்கில் இதற்கென்று ஒதுக்கிய மூலை இருக்கும், கப்பல் ஏறியதும் முதல் வேலையாக அதைத் தேடிப் பாருங்கள்.

குயின் மேரி 2 மாதிரிக் கப்பலில் சர்ச்சில் பெயரில் சிகாருக்கென்றே தனி அறை உண்டு. கேல்வஸ்டன் கப்பலில் அந்த ஆசையெல்லாம் வேண்டாம்.

முத்துநகர் மாலுமி:

நான் தூத்துக்குடிக்காரன். ஒன்பது வருஷம் க்ரூஸ் கப்பலில் வேலை, அதில் ஐந்து வருஷம் டெக் ஸ்டூவர்ட். அதாவது நாற்காலி விரிப்பது, டவல் மடிப்பது, நீங்கள் தட்டிவிட்டுப் போகும் சாம்பலை அள்ளுவது. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பால்கனி ஏன் கூடாது என்பதை மாமாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். வெறும் அபராதம் என்றால் பெரியவர்கள், கட்டிட்டுப் போறேன் என்பார்கள். 2006 மார்ச் 23, அதிகாலை மூன்று மணி வாக்கில், ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பல் கிராண்ட் கேமனிலிருந்து ஜமைக்காவின் மாண்டேகோ பே நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பால்கனியில் தீ. அணையாத சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கும் என்றது பிரிட்டிஷ் விசாரணை. பால்கனிகளுக்கு நடுவே இருந்த தடுப்பு பாலிகார்பனேட், நாற்காலி பிளாஸ்டிக், அங்கே தண்ணீர் தெளிப்பான் இல்லை, போதாததற்குக் காற்று. நிமிஷத்தில் பக்கவாட்டிலும் மேல் தளங்களுக்கும் ஏறிவிட்டது. புகையில் மூச்சுத் திணறி ஒரு பயணி இறந்துபோனார். வேலையில் சேர்ந்தபோது பயிற்சியில் எங்களுக்கு அந்தப் படத்தைக் காட்டினார்கள். சோளக்கதிரை ஒரு பக்கம் மட்டும் அடுப்பில் காட்டிக் கருக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது கப்பல். நடுக்கடலுக்குத் தீயணைப்பு வண்டி வராது. ரூம் கூட்டுகிறவன், தட்டு கழுவுகிறவன், நாங்கள்தான் வண்டி. ஸ்பீக்கரில் ‘பிராவோ பிராவோ’ என்று, அதாவது தீ என்பதற்கான குறிச்சொல், குரல் வந்தால் பயணிகளுக்கு ஒன்றும் விளங்காது, எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

இதனால் மாமாவின் சட்டைப்பைப் பழக்கம் கப்பலில் ஆகவே ஆகாது. தேய்த்து அணைத்த சுருட்டு செத்துவிட்டது என்று கை சொல்லும், உள்ளே இலைச் சுருளுக்குள் கனல் இருக்கும். அதை டிஷ்யூவில் சுற்றி ரூம் குப்பைக்கூடையில் போட்ட ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். ரூம் பையன் மூக்கு நல்ல மூக்கு, அதனால் தப்பித்தோம். வழி ஒன்று சொல்கிறேன். நம் சுருட்டு இரண்டு பக்கமும் வெட்டி விட்டது, சிகார் மாதிரி ஒரு முனை மூடியிருக்காது. நடுவில் வெட்டினாலும் பிரிந்துவராது. ஆகவே வீட்டிலேயே கத்தரியால் பாதிப் பாதியாக வெட்டி எடுத்து வாருங்கள். ராத்திரிக்கு ஒரு பாதி, காலைக்கு ஒரு பாதி. மிச்சம் என்ற பேச்சே இல்லை. ஆனால் கடைப் பாக்கெட்டோடு கொண்டு வாருங்கள். தினத்தந்தியில் சுற்றிய பழுப்பு உருளையைப் பார்த்தால் செக்யூரிட்டிக்காரன் கஞ்சாவோ என்று முகர்ந்துகொண்டு நிற்பான்.

அடுத்தது காற்று. கப்பல் 20 நாட் வேகத்தில் போனால், கடல் அசையாமல் கிடந்தாலும் டெக்கில் மணிக்கு 37 கிலோமீட்டர் எதிர்காற்று. கப்பலின் முன்பக்கமான அணியத்திலிருந்து பின்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். நிறையப் பேர் கம்பியோரம் நின்று கடலைப் பார்த்து ஊதினால் புகை கடலுக்குப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. கப்பல் உடம்பை ஒட்டிக்கொண்டே பின்னால் வழுக்கிப் போய் நாலாவது பால்கனிக்காரர் மூக்கில் ஏறும். சுருட்டுத் துண்டைக் கடலில் எறிந்தாலும் அப்படித்தான், சுழல்காற்று உள்ளே இழுத்துக் கீழ்த்தளத்தில் யார் டவலிலோ கொண்டுவந்து போடும். எறிவதும் சட்டப்படி குற்றம். எனவே மாமாவைப் புகை மூலையிலேயே கப்பலின் பின்பக்கம் பார்த்த கடைசி நாற்காலியில் உட்கார வையுங்கள். அவருக்குப் பின்னால் மூக்கு இருக்காது, எழுந்து போகவும் ஆள் இருக்கமாட்டார்கள். துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது இந்தக் கணக்கு செல்லாது, அன்றைக்குக் கொடி பறக்கும் திசையைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் பொது மரியாதைதான். காபிக் கோப்பையில் சாம்பல் தட்டாமல் இருந்தால் போதும், பிசுக்கோடு காய்ந்த சாம்பலைச் சுரண்டுவது பெரிய பாடு. தேக்குப் பலகையில் தேய்த்து அணைத்தால் கரும்புள்ளி விழும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவன் ராத்திரி இரண்டு மணிக்கு முட்டி போட்டு உட்கார்ந்திருப்பான். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அலைமகள்:

புகை பிடிக்காதவள் தரப்பிலிருந்தும் ஒரு வார்த்தை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கப்பலில் பால்கனிக் கொடியில் பிள்ளைகளின் நீச்சல் உடையைக் காயப்போட்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் எந்த அறையோ தெரியாது, தினமும் சாயங்காலம் யாரோ ரகசியமாகச் சிகார். துணியெல்லாம் அந்த வாடை. சின்னவளுக்கு வீசிங் உண்டு, நாலு சாயங்காலம் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். புகார் கொடுத்தோம். ஆள் வந்து பார்ப்பதற்குள் புகையும் இல்லை, ஆளும் இல்லை. மாலுமி அண்ணன் காற்றைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகுதான் எப்படி வந்தது என்றே புரிகிறது.

ஆனால் அதே கப்பலில் இன்னொருவர். புகை மூலைக்குப் பக்கத்து மேசையில் நாங்கள் பீட்சா தின்றுகொண்டிருந்தோம், வேறு இடம் இல்லை. தப்பு எங்கள் மேல்தான். அவர் கையில் சிகார், இன்னும் பற்றவைக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். கையால் ‘மெதுவா, மெதுவா’ என்று காட்டிவிட்டு, நாங்கள் முடிக்கும்வரை பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டிருந்தார். உங்கள் மாமாவும் அந்தப் பத்து நிமிஷம் பொறுப்பார் என்றால் யாரும் முறைக்கமாட்டார்கள்.

நீலச்சாம்பல்:

சிகார் பகுதிக்கு நான் வருகிறேன். கோசுமெலில் கியூபா சிகார் கிடைக்கும். கூடவே கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் போலியும் கிடைக்கும், தெருவில் கூப்பிட்டுக் காட்டுவதில் முக்கால்வாசி அதுதான். கோஹிபா (கியூபாவின் விலை கூடிய பிராண்ட்) ஒன்று பத்து டாலர் என்றால் நடையைக் கட்டுங்கள். நல்ல கடையில் நிஜமாகவே வாங்கினாலும் கேல்வஸ்டனுக்குள் கொண்டுவர முடியாது. 2016-இல் கொஞ்சம் தளர்த்தியிருந்தார்கள், 2020 செப்டம்பர் 24 முதல் மறுபடியும் தடை. சுங்கத்தில் பிடித்தால் போய்விடும். ஆகவே ஒன்றோ இரண்டோ வாங்கி, கேல்வஸ்டன் திரும்புவதற்குள் முடித்துவிடுங்கள். கடற்கரையில் பற்றவைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், மெக்சிகோவில் 2023 ஜனவரியிலிருந்து கடற்கரை உட்படப் பொது இடம் எல்லாவற்றிலும் தடை. கியூபா அல்லாத சிகார், உங்களைப் போல அமெரிக்காவில் வசிப்பவர்கள் ஆளுக்கு நூறுவரை வரியில்லாமல் கொண்டுவரலாம்.

டெக் காற்றில் தீக்குச்சி நிற்காது. டார்ச் லைட்டர்தான் சரி. நீங்கள் காரில் போகிறவர், ஆனாலும் கப்பலில் அதை விடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் வருகிறவர்கள் அதைக் கைப்பையிலும் வைக்கக்கூடாது, பெரிய பெட்டியிலும் வைக்கக்கூடாது. பெரிய சைஸ் வேண்டாம், ஐந்து அங்குல ரோபுஸ்டோ போதும், முக்கால் மணி நேரம் வரும். காற்றில் ஒரு பக்கம் மட்டும் வேகமாக எரிந்து கோணிக்கொள்ளும், கைக்குள் பொத்திப் பிடியுங்கள். முடிந்ததும் சிகரெட் மாதிரி நசுக்காதீர்கள். நசுக்கினால்தான் அந்தக் கெட்ட நாற்றம். ஆஷ்ட்ரேயில் கிடத்திவிட்டால் தானாக அணையும்.

ஒரு உபரித் தகவல், யாராவது மாமாவிடம் அது என்ன என்று கேட்டால் சொல்ல உதவும்: இங்கிலீஷில் செரூட் என்கிறார்களே, அது நம் சுருட்டுதான். திருச்சிச் சுருட்டு வெள்ளைக்காரன் காலத்திலேயே லண்டன் வரை கப்பல் ஏறிய சரக்கு.

முத்துநகர் மாலுமி:

நீலச்சாம்பல் சார், கிடத்திவிடுங்கள் என்பது கிளப்புக்குச் சரி. டெக்கில் கிடத்திவிட்டு ஆள் எழுந்து போய்விட்டால், காற்று அதை உருட்டிக்கொண்டு போகும். கிடத்துங்கள், ஆனால் அணைகிறவரை பக்கத்தில் உட்காருங்கள். அவசரம் என்றால் மணல் தொட்டியில் செருகிவிட்டுப் போங்கள். நாற்றத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நீலச்சாம்பல்:

சரி, ஒப்புக்கொள்கிறேன். மணல் தொட்டி.

ஹூஸ்டன்வாசி:

நேற்றுத்தான் திரும்பி வந்தோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டார் பிரின்சஸ் கதையை மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ‘அந்த ரூமுக்குக் கூடக் குடுத்த காசைத் திருப்பிக் கேளுங்க மாப்பிள்ளை’ என்றார். பால்கனியில் மாமியார்தான் ஏழு நாளும் உட்கார்ந்து கந்த சஷ்டிக் கவசம் சொன்னார்.

கிளம்புவதற்கு முதல் நாள் மாமியாரே சமையலறைக் கத்தரியை எடுத்து ஏழு சுருட்டைப் பதினாலாக்கினார். மாலுமி சொன்னது சரி, ஒன்றுகூடப் பிரியவில்லை. மேல் டெக்கில் பின்பக்கம் பார்த்த கடைசி நாற்காலி முதல் நாள் ராத்திரி காலியாக இல்லை, தொப்பி போட்ட ஒரு டெக்சாஸ்காரர் இருந்தார். மாமா அவருக்குப் பின்னால் உட்காராமல், பத்தடி தள்ளி நின்று காத்திருந்தார். அவர் எழுந்த பிறகுதான் பற்றவைத்தார். மறுநாளிலிருந்து அந்த மனிதர் மாமாவைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுவிடுவார். இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆளுக்கொரு திசையில் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் மட்டும் அவர் சுருட்டை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, கண்ணை அகல விரித்துத் திருப்பிக் கொடுத்தார்.

கோசுமெலில் நான் ஒன்றே ஒன்று வாங்கினேன். நிஜமா போலியா தெரியாது, கோணலாகத்தான் எரிந்தது.

மாமாவுக்கு ஒரே குறை. பாதிப் பாதியாகப் பிடித்தால் பிடித்த மாதிரியே இல்லையாம். அந்தப் பழைய மிச்சத்தில் ராத்திரி முழுக்க ஊறிய காரம் ஒன்று இருக்குமாம், புதுப் பாதியில் அது இல்லையாம். கடைசி நாள் ராத்திரி அடுத்தடுத்து இரண்டு பாதியைப் பிடித்தார். காலைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ‘காலையில கப்பல் கரைக்கு வந்துரும்ல’ என்றார்.