துடைபதம்: கார் மெழுகு துடைக்கத் தோதான நிலைக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காரில் பூசிய மெழுகைத் துடைத்தெடுக்கத் தோதான நிலைக்கு என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு 'உலர்நிலை', 'காய்வுநிலை', 'துடைப்புத் தயார்நிலை' என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. 'துடைபதம்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. காரணம் சொல்லக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மெழுகு என்ன செய்கிறது என்று பார்ப்போம். டப்பாவில் வரும் கெட்டி மெழுகில் பெயர்பெற்றது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. உருகுவதற்கே 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும், அவ்வளவு கடினம். அதை அப்படியே கையால் பூச முடியாது என்பதால் நாப்தா போன்ற கரைப்பானில் இளக்கி, மற்ற மெழுகுகளும் எண்ணெய்களும் கலந்து விற்கிறார்கள். பூசியதும் கரைப்பான் ஆவியாகிறது, மேலே வெண்மையாக ஒரு படலம் நிற்கிறது. கரைப்பான் போதுமான அளவு போயிருக்க வேண்டும். அதே நேரம் மேலே மிஞ்சிய மெழுகு கெட்டித்துப்போயிருக்கவும் கூடாது. நாம் பெயர் தேடுவது இந்த இடைப்பட்ட நிலைக்குத்தான்.

அவசரப்பட்டுத் துடைத்தால் மெழுகு ஈஷும், பாதி துணியோடு வந்துவிடும். தாமதித்தால் துணி வழுக்காமல் பிடித்து இழுக்கும். அழுத்தித் தேய்க்கத் தேய்க்க மெல்லிய கீறல்கள் விழும். 'உலர்நிலை' என்ற சொல் இந்த இரண்டாவது ஆபத்தைச் சொல்வதே இல்லை. எவ்வளவு உலர்ந்தாலும் நல்லதுதானே என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். 'பதம்' அப்படியல்ல. பாகு பதத்துக்கு வரவும் செய்யும், பதம் தப்பவும் செய்யும். முந்தினாலும் பிந்தினாலும் கெடும் என்ற எச்சரிக்கை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இரண்டாவது காரணம், இதைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. டப்பாவில் 5 முதல் 10 நிமிடம் என்று போட்டிருக்கும். சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60ஐ ஒட்டி இறங்கும். நீர் கலந்த கிரீம் வகை மெழுகு காலையில் ஆறஅமரத்தான் காயும். கரைப்பான் வகைக்கு ஈரப்பதத்தைவிடச் சூடும் காற்றோட்டமும்தான் முக்கியம். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைத்தளத்தில் வெயிலில் நின்ற பானெட்டில் பூசினால், அடுத்த கதவுக்குப் போவதற்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதே மெழுகு கீழ்த்தளத்து நிழலில் நிதானமாகக் காயும். ஆகவே விரல்தான் அளவுகோல்.

சுட்டுவிரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, மெழுகின் மேல் லேசாக ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும். கோட்டின் உள்ளே பெயின்ட் தெளிவாகப் பளபளத்து, ஓரத்தில் மெழுகு பொடியாக ஒதுங்கினால் துடைக்கலாம். கோடு மங்கலாகி எண்ணெய் தடவியதுபோல் இழுபட்டால் பொறுக்க வேண்டும். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் கார் பட்டறைகளில் வேலை செய்யும் நம் ஊர்த் தம்பிகளிடம் கேட்டுப் பாருங்கள். 'இன்னும் ஈஷுதுண்ணே', 'மாவாட்டம் வருது, துடைக்கலாம்' என்று சொல்வார்களே தவிர, ஒருவரும் 'உலர்நிலை எய்தியது' என்று சொல்ல மாட்டார்கள். கலைச்சொல் அவர்கள் வாயிலும் புழங்க வேண்டும் என்பது என் ஆசை. இந்த விரல் சோதனைக்கு 'பதம்பார்த்தல்' என்றே வைத்துவிடலாம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மட்டும் இங்கே செல்லாது. கூரையும் பானெட்டும் ஒரு சூட்டில் இருக்கும், கதவின் அடிப்பகுதி வேறு சூட்டில் இருக்கும். ஒவ்வொரு பாகத்திலும் தனித்தனியாகப் பதம் பார்க்க வேண்டும். கலைச்சொல் விளக்கத்தில் இதைச் சேர்க்காமல் விடக்கூடாது.

எழுந்த மறுப்புகளுக்கு வருகிறேன். 'பதம் பார்த்துவிட்டது' என்றால் காயப்படுத்தியது என்றும் பொருள் வருமே என்று கோலாலம்பூர் நண்பர் கேட்டிருந்தார். வரும். ஆனால் 'கத்தி கையைப் பதம் பார்த்தது' என்று கேட்டால் யாரும் சமையலை நினைப்பதில்லை. இடம் பொருளைத் தெளிவாக்கிவிடும். ஐயா ஒருவர் 'துடைப்பதம்' என்று ஒற்று மிகுத்து எழுதியிருந்தார். 'ஈரப்பதம்' பெயரும் பெயரும் சேர்ந்தது, அங்கே மிகும். இங்கே 'துடை' வினைப்பகுதி. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை, மிகாது. மிகுத்தால் துடைப்பம்தான் கண்முன் வரும். 'துடைப்புத் தயார்நிலை' பொருளில் சரி, ஆனால் நீளம். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தந்த 'இணையம்' சிறிய சொல்லாக இருந்ததால்தான் இணையத்தளம், இணையவழி என்று கிளைவிட முடிந்தது. துடைபதத்திலிருந்தும் 'பதம் தப்பிய மெழுகு', 'பதநேரம்' எல்லாம் தானாக வரும்.

அந்த வெண்படலத்துக்கு 'மூட்டம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சிங்கப்பூரில் மூட்டம் என்றால் காட்டுத்தீப் புகைதான். அதை இங்கே இழுக்க வேண்டாம். சுவரில் உப்புப் பூக்கிறது, நெருப்பில் நீறு பூக்கிறது; மெழுகும் பூக்கட்டும். 'மெழுகு பூத்துவிட்டது, பதம் பார்' என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது. பூத்தலும் துடைபதமும் ஒன்றல்ல என்பதையும் குறித்துவைக்க வேண்டும். கறுப்புக் காரில் பூப்பது பளிச்சென்று தெரியும்; வெள்ளைக் காரில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் கொஞ்சமாவது தெரியும். பூசிய கையோடு துடைக்கச் சொல்லும் புதுவகை மெழுகுகளோ பூக்கக் காத்திருப்பதே இல்லை. கண்ணுக்குத் தெரிவது பூத்தல், விரலுக்குத் தெரிவது துடைபதம்.

செயற்கைப் பூச்சுகள் துடைத்த பிறகும் பல மணி நேரம் உள்ளுக்குள் கெட்டிப்படும். அதற்கு 'இறுகல்' என்று தனிச்சொல் இருக்கட்டும். செராமிக் பூச்சை இந்தச் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுவது, பெயின்ட் மேல் எண்ணெய் மினுக்கம்போல் வானவில் நிறம் காட்டுவது. அங்கே விரல் வைத்தால் பூச்சு கெட்டுப்போகும்.

குழுமப் பட்டியலில் சேர்க்க என் வரைவு இது:

துடைபதம் (பெயர்ச்சொல்): பூசிய மெழுகு, விரலால் கோடிட்டால் ஈஷாமல் பெயின்ட் தெளிவாகத் தெரியும்படி காய்ந்து, ஆனால் கெட்டித்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும் நிலை. பாகத்துக்குப் பாகம் பார்க்க வேண்டும். பதம் தப்பினால் அதே மெழுகை மெல்லியதாக மேலே தடவி, மீண்டும் காயவிடாமல் உடனே துடைத்தெடுக்கலாம்.

இப்படி மேலே தடவிப் பழைய மெழுகை இளக்குவதற்கு 'மீட்பூச்சு' என்று நினைத்தேன், மனம் ஒப்பவில்லை. தச்சு வேலையிலோ தோல் வேலையிலோ இதற்கு ஏற்கெனவே ஒரு வழக்குச்சொல் இருந்தால் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
உட்லண்ட்ஸிலிருந்து