கவுன்ட்டர் தலைகீழாக எண்ணுகிறது, நடுவில் தாவுகிறது: கேட் தேர்வுக்குப் படிப்பவளின் சந்தேகம்

மண்டபம் மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிப்ரவரியில் வரும் கேட் தேர்வில் (GATE, பொறியியல் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) இசி தாள் எழுதப் போகிறேன். டிஜிட்டல் பாடத்தில் கவுன்ட்டர், அதாவது கிளாக் துடிப்புகளை எண்ணும் சர்க்யூட், மட்டும் எவ்வளவு படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. சரி, கையால் கட்டிப் பார்ப்போம் என்று பிரெட்போர்டை எடுத்தேன். 74எல்எஸ்74 ஐசி இரண்டு, அதில் மூன்று ஃபிளிப்ஃபிளாப் (ஒரு பிட்டை, 0 அல்லது 1-ஐ, நினைவில் வைக்கும் சர்க்யூட்). ஒவ்வொன்றிலும் க்யூ பாரை, அதாவது க்யூ என்ற வெளியீட்டுக்கு நேர் எதிரான வெளியீட்டை, அதன் டி என்ற உள்ளீட்டுக் காலுக்கே கொடுத்திருக்கிறேன். ஒன்றின் க்யூ அடுத்ததன் கிளாக்குக்குப் போகிறது. மின்சாரம் 5 வோல்ட் மொபைல் சார்ஜரிலிருந்து.

புத்தகத்தில் இப்படிக் கட்டினால் 0, 1, 2 என்று ஏறுகிறது. எனக்கு 7, 6, 5 என்று இறங்குகிறது. பட்டனை ஒரு தடவை அழுத்தினால் சில சமயம் 6-லிருந்து நேராக 3-க்குப் போய்விடுகிறது. சில நாள் எல்இடி எரிவதே இல்லை, போர்டை அசைத்தால் எரிகிறது. ஐசி போய்விட்டதா? வேறு வாங்க மதுரைக்குத்தான் போக வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

கீழக்கரை அக்கா:
ஐசி நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி, மதுரைக்குப் போக வேண்டாம். உங்களுக்கு இருப்பது தனித்தனிக் கோளாறுகள், எல்லாம் சேர்ந்து ஒரே கோளாறு மாதிரி தெரிகிறது.

முதலில் இறங்குவதைப் பார்ப்போம். மேல்நோக்கி எண்ணும்போது ஒரு பிட் 1-லிருந்து 0-க்கு விழும் நேரத்தில்தான் அடுத்த பிட் மாற வேண்டும். 001-க்குப் பின் 010 வருவதை எழுதிப் பாருங்கள், புரியும். புத்தகப் படத்தில் கிளாக் காலில் சின்ன வட்டம் இருக்கிறதா? இருந்தால் அது விழும் விளிம்பில், அதாவது கிளாக் 1-லிருந்து 0-க்கு விழும்போது, வேலை செய்யும் ஃபிளிப்ஃபிளாப். 74எல்எஸ்74 ஏறும் விளிம்பில், 0-லிருந்து 1-க்கு ஏறும்போது, வேலை செய்வது. அதனால் க்யூவைக் கொடுத்தால் இறங்கும், க்யூ பாரைக் கொடுத்தால் ஏறும். அடுத்த கிளாக்குக்குப் போகும் ஒயரை மட்டும் க்யூ பாருக்கு மாற்றுங்கள். எல்இடி க்யூவிலேயே இருக்கட்டும். வட்டம் இருக்கிறதா, க்யூவா க்யூ பாரா என்ற இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தே தேர்வில் கேள்வி போட முடியும். அதனால் நீங்கள் கட்டிப் பார்த்தது வீண் இல்லை.

தாவுவது பட்டனால். உள்ளே இருக்கும் தகடு ஒட்டும்போது சில மில்லி செகண்ட் துள்ளும். நமக்கு அது ஒரே அழுத்தம். ஃபிளிப்ஃபிளாப்புக்கு ஒவ்வொரு துள்ளலும் ஒரு கிளாக். 6-லிருந்து 3 என்றால் மூன்று தடவை எண்ணியிருக்கிறது. 7400 ஐசியில் இரண்டு நாண்ட் கேட்டை எடுத்து எஸ்ஆர் லாட்ச் (கடைசி நிலையைப் பிடித்து வைக்கும் சர்க்யூட்) ஆக்குங்கள். மூன்று கால் ஸ்விட்ச்சின் நடுக்கால் கிரவுண்டுக்கு, ஓரக்கால்கள் ஆளுக்கொரு கேட்டுக்கு, அந்த இரண்டு இன்புட்டிலும் 4.7 கிலோ ஓம் போட்டு 5 வோல்ட்டுக்கு இழுத்துவிடுங்கள். தகடு எவ்வளவு துள்ளினாலும் லாட்ச் ஒரு தடவைதான் மாறும்.

இன்னொன்று: க்யூவைக் கட்டாயமாக 1 ஆக்கும் பிரிசெட், 0 ஆக்கும் கிளியர் கால்கள், அதாவது 1, 4, 10, 13, அந்தரத்தில் தொங்குகின்றனவா? எல்லாவற்றையும் 5 வோல்ட்டில் கட்டுங்கள். ஒவ்வொரு ஐசியிலும் 14-க்கும் 7-க்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று.

பாம்பன் ஒயர்லெஸ்:
அசைத்தால் எரிகிறது என்கிற இடத்தில் நான் சொல்கிறேன். படகு ஜிபிஎஸ், ஒயர்லெஸ் செட் எல்லாம் பழுது பார்க்கிறவன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடக்கும். அப்போது கடைக்கு வரும் செட்டைப் பிரித்தால் பெரும்பாலும் ஐசி நல்லா இருக்கும், கனெக்டரில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். நம்ம ஊர் உப்புக்காற்று அப்படி. உங்கள் ஒயர் முனை கறுத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். ஐசி காலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடையுங்கள். பிரெட்போர்டில் பிடிப்பு விட்டுப்போன ஓட்டைகளை விட்டுவிட்டு வேறு வரிசைக்கு மாறுங்கள் பாப்பா. வேலை முடிந்ததும் சன்னல் ஓரத்தில் வைக்காமல் மூடி இறுகின டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

மண்டபம் மாணவி:
ஏறுகிறது அக்கா! 7 வரை போய் 0-க்கு வருகிறது, ஒரு அழுத்தத்துக்கு ஒன்றுதான். அண்ணன் சொன்னபடி பார்த்தேன், கிரவுண்ட் ஒயர் முனைதான் கறுத்திருந்தது. இனி இதே மாதிரி ஒவ்வொன்றையும் கட்டிப் பார்த்துப் படிக்கலாமா?

கீழக்கரை அக்கா:
வேண்டாம், நேரம் போதாது. 3 மணி நேரத்தில் 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 பொதுத்திறனுக்கே போகும், அதைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரே ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தப்பானால், ஒரு மதிப்பெண் கேள்விக்கு 1/3 மதிப்பெண் கழியும், இரண்டு மதிப்பெண் கேள்விக்கு 2/3 மதிப்பெண். எண்ணை நாமே டைப் செய்யும் கேள்விகளில் கழிவு கிடையாது, அவற்றை வெறுமனே விடாதீர்கள். பழைய வினாத்தாள்களில் 8085 மைக்ரோபிராசசர் வரும், அதைத் தாண்டிப் போங்கள். இப்போது கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன்தான்: அட்ரஸிங் மோட், ஏஎல்யூ, பைப்லைன்.

கட்டின சர்க்யூட்டை வைத்தே ஒரு கணக்கு தருகிறேன். ஒவ்வொரு ஃபிளிப்ஃபிளாப்பும் 20 நானோ செகண்ட் தாமதம் என்றால், அடுத்த கிளாக் வருமுன் மூன்று பிட்டும் மாறி நிலைக்க அதிகபட்ச கிளாக் எவ்வளவு?

மண்டபம் மாணவி:
ஒன்று மாறிய பின்தான் அடுத்தது மாறும், அதனால் 60 நானோ செகண்ட். 16.67 மெகாஹெர்ட்ஸ். சரியா?

கீழக்கரை அக்கா:
சரி. இப்போது மூன்றுக்கும் ஒரே கிளாக் கொடுத்த சின்க்ரனஸ் கவுன்ட்டருக்கு அதையே போடுங்கள். நடுவில் ஒரு ஆண்ட் கேட், 10 நானோ செகண்ட். செட்டப் நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மண்டபம் மாணவி:
30 நானோ செகண்ட், 33.33 மெகாஹெர்ட்ஸ். நாளைக்கு மாட்-6, அதாவது 0-லிருந்து 5 வரை மட்டும் எண்ணும் கவுன்ட்டர், போடுகிறேன் அக்கா, 110 வந்ததும் கிளியர் ஆகிற மாதிரி. ஒயர் எல்லாம் சீவி வைத்துவிட்டேன்.