தவிலோட தொப்பியும் வலந்தலையும் தனித்தனியா கேக்கணும்: 60,000 ரூபாய்க்குள்ள எந்த ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம்?

ஓடம்போக்கி (திருவாரூர் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா தவில் வாசிச்சவங்க. கோயில் சேவகத்துலேர்ந்து ஓய்வு வாங்கியாச்சு. தோள்பட்டை வலி, கச்சேரிக்கும் போறதில்ல. இப்ப வீட்டுல காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் கேக்கறாங்க. இதுவரைக்கும் ஒரு புளூடூத் ஸ்பீக்கர்லதான் ஓடிட்டிருந்துச்சு. அதைப் பத்தி அப்பாவுக்கு ஒரே ஒரு குறைதான்: தொப்பியும் வலந்தலையும் ஒரே சத்தமா வருது. தொப்பிப் பக்கம் குச்சி விழறதும் வலந்தலைப் பக்கம் கூடு போட்ட விரல் விழறதும் பிரிஞ்சு காதுல விழலைன்னா, கேட்டது தவிலே இல்லைங்கிறாங்க. பக்கத்துல உக்காந்து நானும் கவனிச்சேன். தவில் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஏறி, முடிவை நெருங்குற மோரா வர்ற இடத்துல சத்தம் கூடறதுக்குப் பதிலா அமுங்குது. நாயனம் (நாதஸ்வரம்) கூட வாசிக்கிற இடத்துல அதுவும் சேந்து உள்ள போயிடுது. அப்பா சொல்றது நூத்துக்கு நூறு சரி.

வீட்டுல இருக்கறது: தம்பி சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. பின்பக்கத் தகட்டுல 8 ஓம், 86 டெசிபல்னு போட்டிருக்கு. ஆம்ப் இல்லாம அலமாரியிலயே கிடக்கு. ஒரு டர்ன்டேபிள், நல்லா ஓடுது. எல்.பி. தட்டு ஒரு பெட்டி, நிமிஷத்துக்கு 78 சுத்து ஓடற பழைய தட்டு கொஞ்சம். அப்புறம் ஒரு ஹார்ட் டிஸ்க். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்ப கொல்லைப்பக்க ஓடு பறந்து, கேசட் வச்சிருந்த டிரங்குப் பெட்டிக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. தப்பினதை எல்லாம் அத்தை பையன் கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்தான். அப்பா திருச்சி வானொலியில பி-ஹை கிரேடுல (வானொலிக் கலைஞர் தரத்துல ஒண்ணு) வாசிச்சது, அவங்க குருநாதர் பக்கத்து ஊர் கும்பாபிஷேகத்துல வாசிச்சது எல்லாம் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல.

இடம் கூடம்தான். சிவப்பு சிமென்ட் தரை, நாட்டு ஓடு, ஒரு பக்கம் முற்றம் திறந்திருக்கு. கரண்ட் சாயங்காலமானா குறையும், இன்வெர்ட்டர் இருக்கு. ஃபைபர் நெட் இருக்கு, மழை பேஞ்சா போயிடும். டிவியும் அதே கூடத்துலதான், ஜனவரியில திருவையாறு ஆராதனை போடுறப்ப பஞ்சரத்தினம் இதுலயே கேக்கணும்.

நான் பாத்து வச்சிருக்கறது வீம் (WiiM) ஆம்ப், இல்லன்னா யமஹா ஆர்-என்600ஏ. ரெண்டுமே நெட்லேர்ந்து தானே பாட்டை எடுத்து ஸ்பீக்கரை ஓட்டற ஆம்ப். யமஹாவுல வாட் கூட. அதனால தவிலுக்கு அதுதான் சரியா? இல்ல வேற ஏதாவது பாக்கணுமா?

குடமுருட்டி (தஞ்சாவூர்)

சகோதரி, வாட் கணக்கை முதல்ல ஒதுக்கி வச்சிடலாம். 8 ஓமுக்கு வீம் 60 வாட், யமஹா 80 வாட். பேப்பர்ல பெரிய வித்தியாசமாத் தெரியும், காதுக்கு அது 1.25 டெசிபல்தான். பவரை ரெண்டு மடங்கு ஆக்கினாத்தான் 3 டெசிபல் கூடும். பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டாலும் 60க்கும் 80க்கும் பேதம் சொல்றது கஷ்டம்.

அப்பா சொன்ன குறைக்குக் காரணம் வேற. சின்ன புளூடூத் பெட்டிக்குள்ள ஸ்பீக்கர் கிழிஞ்சுடாம இருக்க ஒரு லிமிட்டர் வச்சிருப்பாங்க. சராசரி சத்தத்தை விட தவில் அடி 15, 20 டெசிபல் மேல ஒரு நொடியில எகிறி இறங்கும். லிமிட்டர் அந்த உச்சியை நறுக்கிடும். அந்த நேரத்துல கூட வாசிக்கிற நாயனத்தையும் சேத்து அமுக்கும். நீங்க "உள்ள போயிடுது"ன்னு எழுதினது அச்சு அசல் அதுதான். தொப்பியோட கீழ்ச்சத்தம் அந்த அளவு பெட்டியில பொறக்கவே பொறக்காது, அதோட மேல் நாதம் மட்டும் வந்து வலந்தலையோட கலந்துடும்.

உங்க ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தா 1 மீட்டர்ல 86 டெசிபல். மூணு மீட்டர் தள்ளி உக்காந்தா வெட்டவெளிக் கணக்குல 9, 10 டெசிபல் குறையும். ரெண்டு ஸ்பீக்கர், பின் சுவர் எல்லாம் சேந்து கொஞ்சம் திருப்பித் தரும். ஆக சாதாரணமா கேக்கறதுக்கு அரை வாட்டே போதும். 20 டெசிபல் எகிறினா நூறு மடங்கு பவர் வேணும், 15ன்னா முப்பது மடங்கு. அதனால 60 வாட் வீட்டுக்குப் போதும். கச்சேரி மேடை அளவு சத்தம் வேணும்னா ரெண்டுமே போதாது, அதுக்கு ஸ்பீக்கரையே மாத்தணும்.

முற்றம் திறந்திருக்கறது நல்லதுதான், அந்தப் பக்கம் போற சத்தம் திரும்பி வந்து குழப்பாது. ஆனா ஒரு ஸ்பீக்கர் முற்றத்து ஓரம், இன்னொண்ணு சுவர் மூலைன்னு வச்சா ரெண்டும் ரெண்டு விதமாப் பேசும். முற்றத்தைப் பாத்த மாதிரி ரெண்டையும் ஒரே சுவர்ல வைங்க, மூலையை விட்டுத் தள்ளி. தரையில பாய் விரிச்சா மேல் சத்தத்தோட எதிரொலி கொஞ்சம் அடங்கும். வீம்ல ஃபோன் மைக்கை வச்சே அறைக்குத் தகுந்த மாதிரி சரி பண்ற வசதி இருக்கு. கீழ்ச்சத்தம் வீங்குறதுக்கு அது உதவும். எதிரொலியைப் போக்காது.

வெண்ணாறு (மன்னார்குடி)

நான் ஒயரிங் வேலை பாக்கறவன். சத்தம் பத்தி குடமுருட்டி அண்ணன் சொல்லட்டும், கரண்ட் பத்தி நான் சொல்றேன்.

அக்கா, உங்க இன்வெர்ட்டர் சைன் வேவா, ஸ்கொயர் வேவா? அட்டையில போட்டிருக்கும். ஸ்கொயர்னா, உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வச்ச ஆம்ப் கரண்ட் போனதும் ஙொய்யுன்னு சத்தம் போடும். ஃபேன் போடுமே, அதே மாதிரி. யமஹா அந்த ரகம். வீம்ல இருக்கறது 100லேர்ந்து 240 வோல்ட் வரைக்கும் வாங்கிக்கிற பவர் சப்ளை. சாயங்காலம் 180க்கு இறங்கினாலும் அது கவலைப்படாது.

ஆனா குறைஞ்ச வோல்டேஜ் ஆபத்து இல்லக்கா, ஏறுறதுதான் ஆபத்து. காத்துல தென்னை மட்டை விழுந்து லைன்ல நியூட்ரல் அறுந்துச்சுன்னா, 230 வர்ற வீட்டுக்கு 300, 350ன்னு வந்துடும். அதுக்கு எந்தக் கம்பெனி ஆம்பும் தாங்காது. ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒண்ணு மெயின் போர்டுலயே போட்டுடுங்க. ஆம்ப் விலையோட பாத்தா ஒண்ணுமே இல்ல, டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாத்துக்கும் சேத்து ஆச்சு. ஐப்பசி இடிக்கு அதுவும் போதாது. சுவிட்சை அணைச்சா பத்தாது, பிளக்கைப் பிடுங்கணும். நெட் பெட்டியோட அடாப்டர் பிளக்கையும் சேத்து. ஃபைபர்ல இடி வராது, அடாப்டர் வழியா ஏறி லேன் ஒயர்ல ஆம்புக்குள்ள வரும்.

எர்த் குழி எப்ப பாத்தீங்க? கரியும் உப்பும் போட்டு பல வருஷம் ஆன குழி கோடையில காஞ்சு கிடக்கும், டர்ன்டேபிள் போட்டா ம்ம்முனு ஒரு இரைச்சல் வரலாம். கோடையில அதுல தண்ணி ஊத்துங்க.

அரசலாறு (கும்பகோணம்)

நான் ரேடியோ, ஆம்ப் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். யமஹாவை அவ்வளவு சீக்கிரம் தள்ளிடாதீங்கம்மா.

முதல் காரணம், தட்டு. டர்ன்டேபிள் ஊசியிலேர்ந்து வர்றது சில மில்லிவோல்ட்தான். அதை ஏத்தணும், எல்.பி. வெட்டுறப்ப குறைச்சு வச்ச கீழ்ச்சத்தத்தையும் திருப்பிக் கூட்டணும். அந்த வேலையைப் பண்ற ஃபோனோ இன்புட் யமஹாவுல உள்ளயே இருக்கு. வீம் ஆம்ப்ல கிடையாது. டர்ன்டேபிள் பின்னாடி ஃபோனோ, லைன்னு ஒரு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. இருந்தா லைன்ல வச்சு எதுல வேணா சொருகலாம். இல்லன்னா தனியா ஒரு ஃபோனோ பெட்டி வாங்கணும். டர்ன்டேபிள்லேர்ந்து மெல்லிசா ஒரு ஒயர் தனியா தொங்கும், அதை அந்தப் பெட்டியோட எர்த் திருகாணியில மாட்டணும். பாதிப் பேர் அதை வெட்டி விட்டுட்டு இரைச்சல் வருதுன்னு என்கிட்ட வர்றாங்க.

ரெண்டாவது, ரிப்பேர். டிரான்ஸ்ஃபார்மர், பெரிய டிரான்சிஸ்டர் வச்ச ஆம்ப் பத்து வருஷம் கழிச்சு வந்தாலும் நான் பிரிச்சு ஓட வச்சிடுவேன். வீம் மாதிரி சின்னப் பெட்டியில எல்லாமே ஒரே போர்டு. போனா போர்டையே மாத்தணும், அந்தப் போர்டு அப்ப கிடைக்கணும். ஸ்ட்ரீமிங் சமாச்சாரம் ஆம்பை விட சீக்கிரம் கிழடாகும். கூகுள் குரோம்காஸ்ட் ஆடியோவை 2019லயே நிறுத்திட்டாங்க. ஆம்ப் தனி, ஸ்ட்ரீமர் தனின்னு வாங்கினா நாளைக்கு ஸ்ட்ரீமரை மட்டும் மாத்திக்கலாம். அதையும் யோசிங்க.

எதை வாங்கினாலும் டியூப் லைட்டுக்கு நேர் கீழ வைக்காதீங்க. அறுப்பு சமயத்துல பூச்சி லைட்டுக்கு வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி சூடு தேடி ஆம்ப் ஓட்டைக்குள்ள போகும். ரெண்டு பின்னுக்கு நடுவுல அது குறுக்க விழுந்தா முடிஞ்சுது. இந்தப் பக்கம் என் மேசைக்கு வர்ற ஆம்ப்ல அதுவே ஒரு பெரிய பங்கு.

78 தட்டை எல்.பி. ஊசியால ஓட்டாதீங்க. எல்.பி. பள்ளத்தை விட 78 பள்ளம் மூணு நாலு மடங்கு அகலம், ஊசி அடியில போய் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை 1956லயே காலமாயிட்டார், அவர் காலத்து நாயனம் பெரும்பாலும் 78லதான். அதுக்குன்னு தனி ஊசி வாங்கிட்டு அப்புறம் கேளுங்க.

ஓடம்போக்கி

மூணு பேருக்கும் மனசார நன்றி. இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ்தான், அட்டையைப் பாத்துட்டேன். டர்ன்டேபிள்ல அந்த சுவிட்ச் இல்ல, மெல்லிசு ஒயர் இருக்கு, யாரும் வெட்டல. அரசலாறு அய்யா சொன்ன ரிப்பேர் விஷயம் எனக்குப் பெருசாப் படுது. ஆனா அப்பா அதிகம் கேக்கறது ஹார்ட் டிஸ்க். கரண்ட் போன நேரத்துலயும் கேப்பாங்க, நெட் இல்லாத நேரத்துலயும் கேப்பாங்க. ரெண்டுல எது டிஸ்கை நேரா வாசிக்கும்? அப்பா ஃபோன் பாத்து இயக்க மாட்டாங்க. திருகறதுக்கு ஒரு குமிழ், அமுக்கறதுக்கு ஒரு பட்டன், அவ்வளவுதான் வேணும்.

குடமுருட்டி

ரெண்டுலயும் யூ.எஸ்.பி. இருக்கு, ரெண்டுலயும் குமிழ் இருக்கு. ஆனா ஹார்ட் டிஸ்கை நேரா மாட்டறதை விட, பாட்டை ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணி அதை மாட்டுங்க. சுத்தற டிஸ்க் இழுக்கற கரண்டை ஆம்போட ஓட்டை எப்பவும் கொடுக்காது. அதைவிட முக்கியம், அந்த டிஸ்க்ல இருக்கறது வேற எங்கயும் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இன்னைக்கே ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணைத் தம்பிகிட்ட கொடுங்க. ஆம்ப் அப்புறம் வாங்கிக்கலாம், இதைத் தள்ளிப் போடாதீங்க.

நெட் இருக்கற நேரத்துக்கு: ஸ்பாட்டிஃபை கனெக்ட் மாதிரி வழியில ஆம்பே நேரா நெட்லேர்ந்து பாட்டை எடுக்கும், ஃபோன் வெறும் ரிமோட். ஃபோன் வந்தாலும் ராகம் நிக்காது. புளூடூத்ல அப்படி இல்ல, பாட்டை இன்னொரு தடவை சுருக்கித்தான் அனுப்பும். வீம் ரிமோட்ல பட்டன் வச்சு ரேடியோ, பிளேலிஸ்ட் ஒதுக்கிக்கலாம், அப்பாவுக்கு அது வசதி. டிவிக்கு வீம்ல எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (டிவி சத்தத்தை ஆம்புக்கு அனுப்பற இணைப்பு) இருக்கு, டிவி ரிமோட்டே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். யமஹா 600ல அது இல்ல, ஆப்டிகல்தான்.

கேசட்லேர்ந்து ஏத்தினதை எம்பி3யா சுருக்காம, தரம் குறையாத ஃப்ளாக் ஃபைலா வைங்க. ஆல்பம் பேர் இருக்கற இடத்துல ராகமும் ஊரும் எழுதுங்க, அப்பத்தான் தேட முடியும். மல்லாரியும் அடுத்த ஆலாபனையும் ரெண்டு ஃபைலா இருந்தா நடுவுல இடைவெளி விழாம ஓடுதான்னு கடையிலயே போட்டுப் பாருங்க.

ஓடம்போக்கி

முடிவு பண்ணிட்டேன். வீம் ஆம்ப், கூட ஒரு எம்.எம். (மூவிங் மேக்னட் ரக ஊசிக்கான) ஃபோனோ பெட்டி. யமஹாவை எடுத்தா பட்ஜெட் அதோட தீந்துடும், இன்வெர்ட்டரையும் மாத்த வேண்டி வரும். இதுல மிச்சமாகற பணத்துல வெண்ணாறு தம்பி சொன்ன கட்-ஆஃப், ஸ்பீக்கர் வைக்க ரெண்டு ஸ்டாண்டு, 78க்கு ஊசி. ரிப்பேர் கேள்விக்கு என் பதில்: ஸ்பீக்கரும் ஃபோனோ பெட்டியும் தனியா இருக்கறதால, ஆம்ப் போனாலும் அது மட்டும்தான் போகும். டிஸ்க் காப்பி ரெண்டும் எடுத்தாச்சு.

கடைசியா ஒண்ணு. ஒயர் மாட்டினதும் சரியா மாட்டியிருக்கான்னு எப்படிப் பாக்கறது? இங்க வந்து பாக்க ஆள் இல்ல.

அரசலாறு

உங்க முடிவு சரியாத்தான் இருக்கும்மா, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னு தெரிஞ்சப்புறம் நானும் அதைத்தான் சொல்வேன்.

சோதனை இதுதான். அப்பாவோட வானொலிப் பதிவு மோனோவாத்தான் இருக்கும், அதைப் போடுங்க. ரெண்டு ஸ்பீக்கருக்கும் சரியா நடுவுல அப்பாவை உக்கார வைங்க. நாயனமும் தவிலும் ரெண்டு பெட்டிக்கும் மத்தியில, ஆள் எதிர்ல உக்காந்திருக்கற இடத்துலேர்ந்து வரணும். அப்படி இல்லாம சத்தம் ரெண்டு பக்கமும் விலகி, எங்கேர்ந்து வருதுன்னு பிடிபடாம, தொப்பி மெலிஞ்சு கேட்டா, ஒரு ஸ்பீக்கர்ல சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கு. ஆம்பை அணைச்சுட்டு ஒரு பக்கத்தை மட்டும் மாத்துங்க. ஒயர் பிரி ஒண்ணு கூட வெளிய நீட்டிக்கிட்டு பக்கத்து முனையைத் தொடக்கூடாது, முறுக்கி உள்ள விடுங்க. ஸ்பீக்கர் தூரம் அஞ்சாறு மீட்டர்னா 14 கேஜ் செப்பு ஒயர் தாராளம், அதுக்கு மேல காசு போடாதீங்க.

78 ஊசிக்கு உங்க கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டியிருக்கற தலை) மேல இருக்கற நம்பரைப் பாத்து இங்க எழுதுங்க. அதுக்கு எது பொருந்தும்னு சொல்றேன்.