புதுப்பிப்பு: பறவைப் படங்களுக்கு மேனுவலா, ஆட்டோவா?

வேடந்தாங்கலில் பறவைகளைப் படமெடுக்க எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) மேனுவலில் நானே வைப்பதா, கேமராவின் பொறுப்பில் விடுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வெயில் சீராக இருக்கும்வரை மேனுவலே மேல் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

ஆட்டோவில், கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் தன் முன்னிருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் காட்ட முயல்வதால், வெளிறிய வானத்தின் முன் பறக்கும் நத்தைகுத்தி நாரை கருத்துப்போகிறது. அதே நாரை மரக்கூட்டத்தின் இருண்ட பின்னணிக்குத் தாழ இறங்கும்போது, இறகுகளின் நுணுக்கமெல்லாம் வெளுத்து அழிந்துவிடுகிறது. பறவையின்மேல் விழும் வெயிலோ இரண்டிடத்திலும் ஒன்றுதான். ஆகவே காலை வெயிலில் ஷட்டர் வேகம் 1/2000 நொடி, அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 6.3, ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 640 என்பதை ஒட்டித் தொடங்கி, வெள்ளை இறகை ஒருமுறை ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில்) சரிபார்த்துவிட்டால், பிறகு பின்னணியைப் பற்றிய கவலையே இல்லை.

மேகம் வந்துபோகும் நாட்களில் மட்டும் ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் நிலையாக வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுகிறேன். மேனுவல் என்று டயல் காட்டினாலும் இதுவும் ஆட்டோ எக்ஸ்போஷரே என்பதால், வானப் பின்னணிக்கு +1 அளவில் காம்பென்சேஷன் (கேமரா தேர்ந்த வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் திருத்தம்) தேவைப்படுகிறது. பழைய கேமராக்கள் சிலவற்றில் இந்த அமைப்பில் காம்பென்சேஷன் இயங்காது. பழையது வாங்க நினைப்பவர்கள் அதை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.